கேட்காமல் கேட்ட அனுமதி

இன்று மாலை கம்ப்யூட்டரை மூடிவிட்டுக் கிளம்புமுன் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் எழுதி, பில்ட் செய்து, பிறர் கையில் கொடுத்திருக்கும் லைப்ரரிக் கோப்புகள் ஒவ்வொன்றின் மீதும் ‘ரீட்எல்ஃப்’ கருவியை ஓட்டிப் பாருங்கள். புரோகிராம் ஹெடர்களின் பட்டியலில் ‘குனு ஸ்டேக்’ என்றொரு வரி வரும். அந்த வரியின் அனுமதிக் கட்டத்தில் ஆர், டபிள்யூ என்று இரண்டே எழுத்துகள் இருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். கூடவே ஈ என்று மூன்றாவது எழுத்து இருந்தாலோ, அப்படி ஒரு வரியே காணோம் என்றாலோ, பையைக் கீழே வையுங்கள். பேச வேண்டியிருக்கிறது.

லினக்ஸில் நிரல் எழுதிப் பிழைக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்களிடம்தான். ‘நான் எழுதியது சின்ன லைப்ரரி, படத்தைச் சுருக்கும், அவ்வளவுதான்’ என்று ஒதுங்கப் பார்ப்பவர்களிடம் இன்னும் அழுத்தமாகவே சொல்கிறேன்.

ஒரு நிரல் ஓடும்போது அதிலுள்ள ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியும், அந்தந்த ஃபங்ஷன் தன் வேலைக்காக வைத்துக்கொள்ளும் மாறிகளும் ஸ்டேக் என்னும் நினைவகப் பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும், இறங்கும். அங்கே கிடப்பது தரவு. நெட்வொர்க் வழியே வந்த பாக்கெட், பயனர் தட்டச்சு செய்த பெயர், யாரோ அனுப்பிய படத்தின் முதல் சில பைட்டுகள் எல்லாம் சிறிது நேரம் அங்கே தங்கிப் போகும். அந்த இடத்தில் கிடக்கும் பைட்டுகளைக் கட்டளைகளாக எடுத்து ஓட்டலாம் என்று ப்ராசஸருக்குக் கொடுக்கும் அனுமதிதான் அந்த ஈ.

அந்த அனுமதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை உலகம் 1988 நவம்பர் 2 அன்றே பார்த்துவிட்டது. மாரிஸ் வார்ம் என்று பெயர்பெற்ற நிரல், யூனிக்ஸ் கணினிகளில் ஓடிய ஃபிங்கர் சேவைக்கு ஒரு சரத்தை அனுப்பியது. அந்தச் சேவை உள்ளே வருவதை வாசிக்க ஒதுக்கியிருந்த இடம் 512 பைட்டுகள். வந்ததோ 536. அளவு பார்க்கத் தெரியாத ‘கெட்ஸ்’ ஃபங்ஷன் வந்ததையெல்லாம் உள்ளே கொட்டியது. மிஞ்சியவை திரும்பும் முகவரியின் மேல் விழுந்தன. ஃபங்ஷன் முடிந்து திரும்பியபோது ஸ்டேக்கில் கிடந்த அந்தச் சரத்துக்குள்ளேயே போய் இறங்கியது. அங்கே வாக்ஸ் கணினிக்கான கட்டளைகள் தயாராகக் காத்திருந்தன. 1996இல் ‘ஃப்ராக்’ மின்னிதழின் 49ஆம் இதழில் அலெஃப் ஒன் என்ற புனைபெயரில் வந்த கட்டுரை இதே வித்தையைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தது. அதன்பின் இது பள்ளிக்கூடப் பாடம் மாதிரி ஆகிவிட்டது.

அப்போது தடுக்கவும் எளிதாக இல்லை. 32 பிட் இன்டெல் ப்ராசஸர்களின் பக்க அட்டவணையில் ‘ஓட்டலாம்’ என்பதற்குத் தனி பிட் கிடையாது. படிக்க முடிந்த பக்கம் எதுவானாலும் ஓட்டவும் முடியும். 1997இல் சோலார் டிசைனர் லினக்ஸ் கெர்னலுக்கு எழுதிய பேட்ச் அந்தக் குறையைச் சுற்றிக்கொண்டு போக முயன்றது. 2003இல் ஏ.எம்.டி. ஆப்டரான் வந்து, பக்க அட்டவணைப் பதிவின் 63ஆம் பிட்டை இதற்கென்றே ஒதுக்கியது. அதே ஆண்டு ஓப்பன்பிஎஸ்டி 3.3 ‘எழுதக்கூடிய இடத்தில் ஓட்டக்கூடாது’ என்ற விதியோடு வெளிவந்தது. இங்கோ மோல்னார் லினக்ஸுக்கு எக்ஸெக் ஷீல்ட் எழுதினார். அடுத்த ஆண்டு விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்கிலும் இதே காவல் வந்தது. மாரிஸ் வார்முக்கும் இதற்கும் நடுவே பதினைந்து ஆண்டு. அத்தனை பேர் உழைத்துப் போட்ட பூட்டை நீங்கள் ஒரு வரி எழுத மறந்து திறந்துவிடுகிறீர்கள் என்பதுதான் என் ஆற்றாமை.

எப்படி என்று கேட்பீர்கள். இந்தக் காவலை எல்லா நிரல்கள் மீதும் ஒரேயடியாகப் போட முடியவில்லை. ஸ்டேக்கிலேயே கட்டளைகளை எழுதி ஓட்டும் நிரல்கள் உண்மையாகவே சில இருந்தன. சி மொழிக்கு ஜிசிசி கம்பைலர் கூடுதலாகத் தரும் வசதி ஒன்று உண்டு: ஒரு ஃபங்ஷனுக்குள் இன்னொரு ஃபங்ஷன். உள்ளே இருப்பதன் முகவரியை வெளியே யாருக்காவது கொடுத்தால், நிரல் ஓடும் நேரத்தில் சில பைட்டுக் கட்டளைகள் ஸ்டேக்கில் எழுதப்படும். ட்ராம்போலின் என்பார்கள். அதற்கு ஈ வேண்டும். ஆகவே தனக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்பும் சொல்லிவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். ‘நோட் குனு-ஸ்டேக்’ என்ற பெயரில் கோப்புக்குள் ஒரு பகுதி. அதற்குள் ஒரு பைட்டும் இருக்காது. ஓட்டும் கொடி இல்லாமல் அது இருக்கிறது என்பதே ‘எனக்கு வேண்டாம்’ என்ற அறிவிப்பு. சி நிரல் எழுதினால் கம்பைலரே அதைச் சேர்த்துவிடும்.

அசெம்பிளியில் கையால் எழுதும் கோப்புக்கு அதைச் சேர்க்க ஆளில்லை. எழுதியவர்தான் சேர்க்க வேண்டும். அவர் மறந்தால், ‘இது பழைய காலத்துக் கோப்பு போலிருக்கிறது, தேவைப்பட்டாலும் படலாம்’ என்று இன்டெல் வகைக் கணினிகளில் குனு லிங்கர் முடிவுகட்டும். நூறு கோப்புகள் ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்திருக்க, ஒன்று மட்டும் வாய் திறக்காமல் இருந்தால் போதும். முழு லைப்ரரிக்கும் ஈ விழுந்துவிடும். வீடியோ கோடெக்கிலும் குறியாக்க லைப்ரரியிலும் வேகத்துக்காகச் சேர்த்த அசெம்பிளிக் கோப்புகள்தான் பெரும்பாலும் இதில் மாட்டும். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஒரு படத்தையோ எழுத்துருவையோ லைப்ரரிக்குள் அப்படியே பொதிய, லிங்கரின் ‘பைனரி’ வழியில் ஆப்ஜெக்ட் கோப்பாக மாற்றுவார்கள். அதில் கட்டளை ஒன்றுகூட இல்லை, வெறும் படம். ஆனாலும் அறிவிப்புப் பகுதி இல்லாததால் அந்தப் படமும் ஸ்டேக்கைத் திறந்துவைக்கச் சொல்லும்.

இனி நிரல் தொடங்கும் நேரத்துக்கு வாருங்கள். பயனர் ஒரு நிரலைத் தொடங்குகிறார். கெர்னல் முதன்மைக் கோப்பின் குனு ஸ்டேக் வரியைப் படித்து, அது சொன்னபடி ஸ்டேக்கை அமைக்கிறது. பிறகு பொறுப்பை டைனமிக் லிங்கரிடம் ஒப்படைக்கிறது. அது அந்த நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தேடி, ஒவ்வொன்றாக நினைவகத்தில் ஏற்றும். ஏற்றும்போது ஒவ்வொன்றின் ஹெடரையும் படிக்கும். இதுவரை ஸ்டேக்குக்கு என்ன அனுமதி என்பதை ஒரே ஒரு மாறியில் குறித்து வைத்திருக்கும். புதிதாக வரும் லைப்ரரி அதைவிடக் கூடுதலாகக் கேட்டால், கெர்னலிடம் ‘எம்ப்ரொடெக்ட்’ அழைப்பு விடுத்து ஸ்டேக்கை ஓட்டத்தக்கதாக மாற்றிவிடும். இனிமேல் பிறக்கும் த்ரெட்களின் ஸ்டேக்குகளுக்கும் அதே அனுமதிதான். குனு ஸ்டேக் வரியே இல்லாத லைப்ரரி வந்தால், அதுவும் கேட்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். இந்தக் கணக்கில் கூட்டல் மட்டும்தான் உண்டு.

இதில் யார் யாரைக் கேட்டார்கள் என்று யோசியுங்கள். முதன்மை நிரலை எழுதியவர் கவனமாகத்தான் எழுதினார். அவர் நம்பிச் சேர்த்த மற்ற லைப்ரரிகளும் ஒழுங்காகவே அறிவித்தன. உங்கள் ஒரு கோப்பின் மௌனம் அவர்கள் அத்தனை பேரின் முடிவையும் தள்ளுபடி செய்துவிட்டது. திறக்கப்பட்ட ஸ்டேக் உங்கள் லைப்ரரிக்கு மட்டும் உரியதும் அன்று. அந்த ப்ராசஸில் எங்கோ வேறொருவர் எழுதிய ஃபங்ஷனில் அளவு பார்க்காத பிழை ஒன்று இருந்தால், அதைச் சுரண்ட வருபவனுக்கு இப்போது வேலை பாதியாகிவிட்டது. பிழை அவருடையது, வழி உங்களுடையது. பயனருக்கோ திரையில் ஒரு சொல்லும் வரவில்லை. முதன்மை நிரலே ஓட்டத்தக்க ஸ்டேக்கோடு தொடங்கினால் 2020 முதல் கெர்னல் தன் லாகில் ஒரு வரி எழுதுகிறது, அதுவும் இயந்திரம் தொடங்கியதிலிருந்து ஒரே ஒரு முறை. லைப்ரரி வழியாகப் பிறகு நடக்கும் மாற்றத்துக்கு அதுவும் கிடையாது.

நடுவழியில் ‘டிஎல்ஓப்பன்’ மூலம் ஏற்றப்படும் லைப்ரரிகளின் கதை இன்னும் மோசமாக இருந்தது. சுத்தமான ஸ்டேக்கோடு தொடங்கி மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல், ஒரு ப்ளக்இன்னை ஏற்றிய நொடியில், ஏற்கெனவே ஓடும் எல்லாத் த்ரெட்களின் ஸ்டேக்கும் திறந்துகொள்ளும். அந்த ப்ளக்இன்னை இறக்கிவிட்டாலும் மூடிக்கொள்ளாது. விருந்துக்கு வந்தவர் வாசல் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்துவிட்டு, சாப்பிட்டுக் கைகழுவிப் போய்விட்டார், வீட்டுக்காரருக்குத் தெரியாது.

2023 ஜூலையில் குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதை வைத்தே ஒரு வேலை செய்து காட்டினார்கள். எஸ்எஸ்எச் ஏஜென்ட் என்பது உங்கள் சாவிகளைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் கணினியில் ஓடும் நிரல். அதைத் தொலைவிலுள்ள சர்வருக்கு ஃபார்வர்ட் செய்யும் வழக்கம் பலருக்கும் உண்டு. அந்த சர்வரைக் கைப்பற்றியவன், உங்கள் கணினியின் லைப்ரரி அடைவில் இருக்கும் எந்த லைப்ரரியையும் ஏற்றிப் பார்க்கும்படி ஏஜென்டைக் கேட்க முடிந்தது. ஏஜென்ட் அதை ஏற்றும், தனக்கு உதவாத லைப்ரரி என்று கண்டதும் இறக்கிவிடும். ஏற்றுவது, இறக்குவது, அவ்வளவுதான். இதில் என்ன ஆபத்து என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஒரு லைப்ரரி ஏறி இறங்கும்போது ஸ்டேக்கைத் திறந்துவிட்டுப் போயிற்று. இன்னொன்று சிக்னல் ஹேண்ட்லரைப் பதிவு செய்துவிட்டு மறைந்தது. இப்படி ஒவ்வொன்றும் விட்டுப்போன மிச்சங்களை வரிசையாகக் கோத்து, தாங்கள் விரும்பிய கட்டளைகளை உபுண்டு டெஸ்க்டாப்பில் ஓட்டிக் காட்டினார்கள். ஓப்பன்எஸ்எஸ்எச் 9.3பி2 பதிப்பு அந்த வழியை அடைத்தது.

அந்தச் சங்கிலியில் பயன்பட்ட லைப்ரரிகளில் ஒன்றுகூடத் தீய எண்ணத்தோடு எழுதப்பட்டதன்று. எல்லாம் விநியோகத்தின் அதிகாரபூர்வத் தொகுப்புகளிலிருந்து வந்தவை. எழுதியவர்களுக்கு எஸ்எஸ்எச் ஏஜென்டோடு ஒரு தொடர்பும் இல்லை; தங்கள் கோப்பு என்றாவது அதற்குள் ஏறும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். ‘என் லைப்ரரி யாருக்கும் தீங்கு செய்யாது’ என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு அவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

டைனமிக் லிங்கரையும் உள்ளடக்கிய சி லைப்ரரிதான் ஜிலிப்சி. 2025 ஜனவரி 30 அன்று வெளிவந்த அதன் 2.41 பதிப்பு இந்தப் பழக்கத்துக்கு ஓரளவு முற்றுப்புள்ளி வைத்தது. டிஎல்ஓப்பன் இனி இயல்பு அமைப்பில் எந்த லைப்ரரிக்காகவும் ஸ்டேக்கைத் திறக்காது. வெளிப்படையாகக் கேட்டாலும் சரி, ஹெடர் இல்லாததால் கேட்டதாக ஆனாலும் சரி, ஏற்ற மறுத்துப் பிழைச் செய்தி தரும். பிப்ரவரியிலேயே விளைவு தெரிந்தது. டிஸ்கார்ட் செயலி தன் நிறுவல் பழுதாகிவிட்டது என்று சிவப்பு எச்சரிக்கை காட்டும், குரல் இணைப்பு வேண்டுவோர் சோதனைப் பதிப்பையோ பிரவுசரையோ நாடுங்கள் என்று ஆர்ச் லினக்ஸ் தன் பயனர்களுக்கு அறிவிப்பே கொடுக்க வேண்டியிருந்தது. அன்று ‘ஜிலிப்சி உடைத்துவிட்டது’ என்று கூவியவர்கள் அதிகம். நியாயமான எரிச்சல்தான், நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால் யாருக்கும் வரும். ஆனால் உடைந்தது எப்போது? கோப்பைக் கட்டிய அன்றே அது அப்படித்தான் இருந்தது. இப்போது சத்தம் கேட்டது.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்கிறேன். 2.41 மறுப்பது நடுவழியில் ஏறும் லைப்ரரிகளை மட்டுமே. நிரல் தொடங்கும்போதே இணைக்கப்படும் லைப்ரரி கேட்டால், இயல்பு அமைப்பில் இன்றும் கிடைக்கும். பழைய நிரல்கள் பல நின்றுபோகும் என்ற கருணை. அந்தக் கருணையை உங்கள் சோம்பலுக்குச் செலவழிக்காதீர்கள். சர்வர் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதே பதிப்பில் ‘ஆர்டிஎல்டி எக்ஸெக்ஸ்டேக்’ என்ற ட்யூனபிள் வந்திருக்கிறது. அதைச் சூழல் மாறி வழியாகச் சுழி என்று வைத்தால், தொடக்கத்திலும் அனுமதி கிடைக்காது. முதலில் சோதனை இயந்திரத்தில் வைத்துப் பாருங்கள். எது எழுந்திருக்க மறுக்கிறதோ அதன் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் சேவைகள் சிஸ்டம்டி வழியாக ஓடினால் எழுதும் நினைவகத்தை ஓட்டத்தக்கதாக மாற்றுவதையே மறுக்கும் அமைப்பும் அதில் உண்டு. எஸ்இலினக்ஸிலும் இதற்கென்றே தனி அனுமதி இருக்கிறது. ஏதோ ஒரு செயலி ஓடவில்லை என்பதற்காக அதை மொத்தமாகத் தளர்த்திவிட்டுப் போகாதீர்கள். அந்தச் செயலி மட்டும் கேட்டதை ஊருக்கெல்லாம் கொடுத்ததாகிவிடும்.

லைப்ரரி எழுதுபவர்கள் செய்ய வேண்டியது சிறிய வேலை. அசெம்பிளிக் கோப்பு ஒவ்வொன்றின் கடைசியிலும் அந்தக் காலிப் பகுதியை அறிவிக்கும் ஒரு வரி. 32 பிட் ஆர்ம் கணினிக்கான கோப்பில் அந்த வரியில் வரும் அட் குறி குறிப்புரையின் தொடக்கமாகிவிடும், அங்கே சதவீதக் குறி போட வேண்டும். பாதிப் பேர் இந்த இடத்தில் சறுக்குவார்கள். படங்களைப் பொதியும் லிங்கர் அழைப்பில் ‘நோஎக்ஸெக்ஸ்டேக்’ விருப்பத்தைச் சேர்த்துவிடுங்கள். 2022 ஆகஸ்டில் வந்த பின்யுடில்ஸ் 2.39 முதல், அறிவிப்பு இல்லாத கோப்பைக் கண்டால் லிங்கர் அதன் பெயரைச் சொல்லியே எச்சரிக்கிறது. இந்தப் பழைய நடத்தை வருங்காலப் பதிப்பில் நீக்கப்படும் என்றும் சொல்கிறது. அந்த எச்சரிக்கையை அடக்கிவைக்க லிங்கருக்கு ஒரு விருப்பம் உண்டு. தயவுசெய்து அதைத் தேடிப் போகாதீர்கள். வார்னிங்குகளைப் பிழையாக மாற்றி, பில்ட் அங்கேயே நிற்கும்படி செய்யுங்கள். டெபியனின் லின்டியன், ஜென்டூவின் பில்ட் சோதனை இரண்டும் இப்படிப்பட்ட கோப்புகளைச் சுட்டிக்காட்டுகின்றன. அவர்கள் சுட்டிக்காட்டி உங்களுக்கு எழுதும்போது, ‘எங்களிடம் ஓடுகிறதே’ என்று பதில் போடாதீர்கள்.

‘எங்களுக்கு உண்மையாகவே வேண்டும்’ என்பவர்கள் உண்டு. பத்தில் ஒன்பது பேருக்கு அது உண்மையாக இருக்காது என்பது என் எண்ணம். ஓடும்போதே கட்டளைகளை உருவாக்கும் ஜேஐடி எஞ்சின் வைத்திருக்கிறீர்களா? அதற்கு வேண்டியது ஓட்டத்தக்க பக்கங்கள். தனியாகக் கேட்டு வாங்கி, எழுதி, பிறகு எழுதும் அனுமதியை விலக்கி ஓட்டுங்கள். ஸ்டேக்கை ஏன் தொட வேண்டும்? உள்ளே ஃபங்ஷன் எழுதும் பழக்கத்தால் ட்ராம்போலின் வருகிறது என்றால், எங்கே வருகிறது என்று காட்ட ஜிசிசியில் எச்சரிக்கை உண்டு. அந்த ஃபங்ஷனை வெளியே எடுத்து, வேண்டிய தகவலை ஒரு சுட்டியாகச் சேர்த்து அனுப்புங்கள். எடுக்கவே முடியாது என்றால் ஜிசிசி 14இல் ட்ராம்போலினை ஸ்டேக்கில் வைக்காமல் ஹீப்பில் வைக்கும் வசதி சில தளங்களுக்கு வந்திருக்கிறது.

இன்னொரு கூட்டம் படித்த கூட்டம். ‘ஸ்டேக்கை மூடினால் மட்டும் தாக்குதல் நின்றுவிடுமா? இருக்கும் கட்டளைத் துணுக்குகளையே கோத்து ஓட்டும் வித்தை 2007இலேயே விரிவாக எழுதப்பட்டுவிட்டதே’ என்பார்கள். சரிதான். ஆனால் அந்த வித்தைக்குத் துணுக்குகள் இருக்கும் முகவரிகள் தெரிய வேண்டும். முகவரிகளை ஒவ்வொரு முறையும் கெர்னல் கலைத்துப் போடுகிறது. அதைக் கண்டுபிடிக்க இன்னொரு பிழை வேண்டும். ஒரு பிழை போதும் என்றிருந்தவனுக்கு இரண்டு பிழைகள் தேவைப்படும்படி செய்திருக்கிறார்கள். தாண்ட முடியும் என்பதால் சுவரை நாமே இடித்துவிடலாம் என்பது, கேட்பதற்கு அறிவாளித்தனமாக இருக்கும் சோம்பல்.

கடைசியாக, மூலநிரல் கையில் இல்லாதவர்கள். ஏதோ ஒரு நிறுவனம் முன்பு கொடுத்த பைனரி, அது இல்லாமல் உங்கள் வேலை ஓடாது. ‘பேட்ச்எல்ஃப்’ கருவியால் ஈயை அழித்துவிடலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அழிக்காதீர்கள். அறிவிப்பு மட்டும் விட்டுப்போன கோப்பு என்றால் ஒன்றும் ஆகாது. உள்ளே ட்ராம்போலின் இருந்தால், அந்த அழைப்பு வரும் நொடியில் நிரல் செத்துவிழும், அது வாடிக்கையாளரின் பில் அச்சாகும் நேரமாகவும் இருக்கலாம். நகல் ஒன்றில் அழித்து, எல்லா வழிகளையும் ஓட்டிச் சோதித்த பிறகே மாற்றுங்கள். அது முடியாவிட்டால், நடுவழியில் ஏறும் லைப்ரரிக்கும் பழையபடி அனுமதி தரும் ட்யூனபிளின் இணக்க நிலையை அந்த ஒரு நிரலைத் தொடங்கும் ஸ்கிரிப்டில் மட்டும் வையுங்கள். எல்லோருக்கும் பொதுவான ப்ரொஃபைல் கோப்பில் வைக்காதீர்கள். நெட்வொர்க்கிலிருந்து நேராக எதையும் வாசிக்காத இடத்தில் அதை ஓட்டுங்கள். பைனரியைக் கொடுத்தவருக்கு இன்றே எழுதுங்கள்: கோப்பின் பெயர், பதிப்பு, ரீட்எல்ஃப் காட்டிய அந்த ஒரு வரி, உங்கள் ஜிலிப்சி பதிப்பு. நான்கும் இருந்தால் அவர்கள் பக்கத்துப் பொறியாளர் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்கிரிப்டில் அந்தத் தளர்வுக்குப் பக்கத்திலேயே தேதியையும், யாருக்கு எழுதினீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். திருத்திய கோப்பு வந்த அன்று அந்த வரியை எடுத்துவிட்டு, மறுபடி ஒருமுறை ரீட்எல்ஃப் ஓட்டிப் பாருங்கள்.